அம்மாள் பார்த்துக்கொள்ளும் வலைகள்

யாழ்ப்பாணத்தில் பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தப் பகுதி, பகுதியைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்று கேள்வி நம் வீட்டு வாசல்வரை வந்துவிடும். கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய முதல் வாரமே நான் இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டேன். "மதுரைப் பக்கம்." மதுரைக்கு என் வாழ்நாளில் நாலு தடவை போயிருப்பேன். அதில் இரண்டு தடவை கண் ஆஸ்பத்திரிக்கு.

உண்மையில் என் ஊர் இராமநாதபுரத்துக் கடற்கரை. என் அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். படகு வேறொரு முதலாளியுடையது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் காலையில் அந்தப் படகுகள் புறப்படும். பொழுது சாயும்போது எல்லைக்கோட்டைத் தாண்டி இந்தக் கரைக்குப் பக்கத்தில் வந்து, மடி என்கிற இழுவலையை இறக்கி, கடலடியை வாரிக்கொண்டு போகும். குறுக்கே யாருடைய வலை கிடந்தாலும் அது கிழிந்துபோகும். இங்கே அந்தப் படகுக்கு 'றோலர்' என்று பெயர். வடகரையில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. றோலர்காரன் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு நான் எந்த வீட்டில் போய்ச் சாப்பிடுவது?

நான் வந்தது நாட்டார் வழக்காறு படிக்க. கோயில் சடங்கு, கூத்து, நேர்த்திக்கடன் என்று எங்கே என்ன நடந்தாலும் குறிப்புப் புத்தகத்தோடு போய் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்துக்குப் பின்னால் ஒரு அறை. கூட இருந்தவள் என் வகுப்புத்தோழி. அவள் காங்கேசன்துறைக்குக் கிழக்கே ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பெண். சனி ஞாயிறு வந்தால் அவளுடைய ஸ்கூட்டியில் ஊர் சுற்றுவோம். கீரிமலையில் குளிப்பதும், அரியாலைக் கடல்நீரேரிப் பக்கம் போய் நிற்பதும், எங்காவது கூத்துப் பழகுகிறார்கள் என்றால் அங்கே ஓடுவதும் எல்லாம் அவள் தயவில்தான். அவளிடமும் நான் மதுரைதான். ஒரே அறையில் ஏழெட்டு மாதம் படுத்து எழும்பிய பெண்ணிடம் இப்படி ஒரு பொய்யைக் காப்பாற்றியதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அவள் வீட்டில் ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டில் மீன் குழம்பு. நான் பேச்சு சுவாரசியத்தில் தலையைப் பிரித்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவிக் தட்டின் ஓரத்தில் வைத்தேன். தோழியின் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மதுரையிலை உப்பிடியோ பிள்ளை மீன் சாப்பிடுறவை?"

"குளத்து மீன் நெறைய சாப்பிடுவோம் அன்ரி" என்றேன். குளத்து மீனை நான் வாயில் வைத்ததுகூட இல்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சேற்று நாற்றம் என்று பெயர்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் கல்லூரியில் படித்தபோது, மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டித்து உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதிய அட்டை பத்திரிகைப் படத்தில்கூட வந்தது. அப்போது எதிர்க்கரை என்றால் எனக்குக் கடற்படைக் கப்பல் மட்டும்தான். அந்தக் கரையிலும் வலையைப் போட்டுவிட்டு விடிய விடியப் படகிலேயே காவல் இருக்கிற தமிழன் இருக்கிறான் என்று மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கைதட்டல் குறைந்திருக்கும். இங்கே வந்தால், இந்தக் கரையிலும் தேர்தல் வாசனை அடித்ததும் வெள்ளை வேட்டிகள் கடற்கரைக்கு வந்து கிழிந்த வலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு கரையிலும் மைக்கைப் பிடித்தால் 'தொப்புள்கொடி உறவு' என்றுதான் தொடங்குகிறார்கள். தொப்புள்கொடியை யாராவது மடி போட்டு இழுப்பார்களா? கேட்டால் நான் தேசத்துரோகி. எந்தத் தேசத்துக்கு என்பதுதான் குழப்பம்.

அண்ணனிடம் ஒருதடவை கேட்டேன். "நம்ம கடல்ல என்னடி இருக்கு? சொரண்டி முடிச்சாச்சு. போகலைன்னா அடுப்பு எரியுமா?" என்றான். அவன் கடலுக்குப் போகிற நாளெல்லாம், கடற்படை பிடித்தது என்று செய்தி வருமோ என்று இங்கே நான் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பங்குனி பிறந்ததும் தோழி சொன்னாள், "எங்கடை அம்மன் கோயில் பொங்கல் கடைசித் திங்கள். ரெண்டு நாள் நிக்கிற மாதிரி வா." அதற்கு முன்பே அவளுடைய மாமாவைப் பார்த்து வழக்கங்களைக் கேட்டு எழுதச் சொன்னாள். மாமா என்றால் அவளுடைய அம்மாவின் தம்பி. சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு ஓடி, எங்கள் மாவட்டத்து அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மனைவியின் சொந்தங்கள் இன்னமும் அங்கேதான். அதனால் எந்நேரமும் காதில் ஃபோன் இருக்கும். ஊரில் சிலர் அவரை 'இந்தியாக்காரன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாமா எனக்கு ஒரு அருமையான வழக்கத்தைச் சொன்னார். பொங்கலன்று பின்னேரம் ஊர்ப் படகுகள் எல்லாம் ஒன்றாகப் போய் வலையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதற்குக் கோயில் வலை என்று பெயர். அதில் கிடைக்கிற மீன் முழுவதும் கோயிலுக்கு. மற்ற நாட்களில் றோலருக்குப் பயந்து வலையோடு வலையாகக் கடலில் கிடப்பவர்கள், அன்று ஒரு இரவு மட்டும் ஒருவரும் நிற்க மாட்டார்கள். எல்லோரும் கோயிலில் கூத்துப் பார்ப்பார்கள். விடிந்து பூசை முடிந்து மணி அடிக்கும்வரை படகைத் தொடக்கூடாது.

"அப்ப வலையை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டேன்.

"அம்மாள் பாத்துக்கொள்ளுவா" என்றார். "அது எங்கடை நேர்த்தி, பிள்ளை. காவல் போட்டால் அவவை நம்பேல்லை எண்டல்லோ அர்த்தம்."

எனக்குப் புல்லரித்தது. அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அம்மாவோடு ஃபோனில் பேசும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "இங்க ஒரு வழக்கம் இருக்கும்மா, கேட்டா ஆச்சரியப்படுவ. வர்ற திங்கக்கிழமை இந்த ஊர்க் கடல்ல ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்களாம். வலையை அம்மன் பார்த்துக்குமாம்." அம்மா "அப்படியா" என்றாள். பிறகு சாப்பிட்டாயா என்றாள். நான் சாப்பிட்டேன் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் கடற்கரையே நிறைந்திருந்தது. ஊரே விரதம். பொங்கல் பானைகளின் புகை ஒரு பக்கம், படகுகளில் வலை ஏற்றும் சத்தம் ஒரு பக்கம். தோழியின் அப்பா புது வலை ஏற்றினார். பழையது போன மாசியில் றோலரில் போனது என்றும், இது கடன்பட்டு வாங்கியது என்றும் தோழி சொன்னாள். படகுகள் வரிசையாகப் போய், வலையைப் போட்டு, இருட்டுவதற்கு முன் வெறுமனே திரும்பி வந்தன. நான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

பொழுது பட்ட கையோடு வடக்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது. பிறகு இன்னொன்று. சற்று நேரத்தில் அது ஒரு வரிசையாகிவிட்டது.

ஆண்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு வந்து நின்றார்கள். "றோலர்" என்று யாரோ சொன்னார்கள். "திங்கள் வாறவங்கள்தானே" என்றார் ஒருவர். "இவ்வளவு கிட்ட வாறேல்லையே" என்றார் தோழியின் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. வெளிச்சத்துக்கும் வலைக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏன் இவ்வளவு கிட்ட வந்தார்கள் என்று அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இளைஞர்கள் இரண்டு பேர் படகைத் தள்ளப் போனார்கள். பெரியவர்கள் மறித்தார்கள். மணி அடிக்காமல் படகைத் தொட்டால் நேர்த்தி முறியும் என்றார்கள். "நேர்த்தியோ வலையோ?" என்று ஒருவன் கத்தினான். கடைசியில் தோழியின் அப்பாதான், "விடுங்கோடா. அம்மாள் பாத்துக்கொள்ளுவா" என்றார். சொல்லிவிட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் கோயில் கிணற்றடிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் பவ்வியமாகச் சொன்னது. எந்த எல்லைக்கு வெளியே என்று எனக்கா தெரியாது! பத்துத் தடவை கூப்பிட்டேன். போகாதே என்று அம்மனிடம் வேண்டினேன். கடற்படை வரட்டும் என்று ஒரு நிமிடம் வேண்டினேன். ஐயோ வேண்டாம், அவனைப் பிடித்துவிடுவார்கள் என்று அடுத்த நிமிடம் வேண்டினேன். இரண்டையும் கேட்டுக்கொண்டு அம்மன் என்ன செய்வாள், பாவம்.

அன்றைய கூத்தில் யார் என்ன வேஷம் கட்டினார்கள் என்று என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

காலையில் மணி அடித்ததும் படகுகள் போயின. ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிட்டன. மீன் இல்லை. கந்தலும், அறுந்த மிதப்புகளும், கயிற்றுத் துண்டுகளும்தான் வந்தன. தோழியின் அப்பா தன் புது வலையில் மிஞ்சியதை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரே ஒரு சாக்கு. அவருடைய மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. சாக்கின் வாயைக் கட்டிச் சுவரோரம் வைத்தார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள். வீட்டுக்குப் பின்புறம் போய் எடுத்தேன்.

"அண்ணன் வந்துட்டான்டி. நல்ல மீன் பாடு. நீ சொன்னது சரியாத்தான் இருந்துச்சாம். கடல்ல ஒரு ஈ காக்கா இல்லையாம்." அம்மாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "தங்கச்சி சொல்லித்தான் போனேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கான்."

நான் வைத்துவிட்டேன். அண்ணன் உயிரோடு கரை சேர்ந்தான் என்ற நிம்மதியும், நான் செய்த காரியமும் ஒரே நேரத்தில் வந்து மோதின.

உள்ளே வந்தபோது வீட்டில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடலில் ஒருவரும் நிற்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் இவ்வளவு கிட்ட வரமாட்டார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்லுவது? ஊருக்குள் இந்தியாவோடு கதைக்கிறவன் ஒருவன்தானே! "உவன்தான். உவன்ரை காதிலை எந்நேரமும் போன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார். தோழியின் அம்மா, "என்ரை தம்பி அப்பிடிச் செய்யான்" என்றார். ஆனால் அந்தக் குரலில் உறுதி இல்லை. சொந்த அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் கூடியது. மாமாவை வரச் சொல்லி ஆள் போனது. தோழி என் பையைக் கொண்டுவந்து கையில் தந்தாள். "பதினொண்டரை பஸ் வரும். நீ அதிலை போ. இண்டைக்கு இஞ்சை சரிவராது. குறை நினைக்காதை."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். விருந்துக்கு வந்தவளை இப்படி அனுப்புகிறோமே என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் போகத்தான் புறப்பட்டேன். பஸ் தரிப்பிடம் சங்கக் கட்டடத்துக்கு எதிரே. நின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். அவர் ஃபோனை ஒருவர் வாங்கி, அதில் வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் இந்திய நம்பர். "அது என்ரை மனிசியின்ரை தாய். வருத்தமாய்ப் படுக்கையிலை கிடக்கிறா" என்றார் மாமா. ஒருவரும் கேட்கவில்லை. இனிமேல் இந்தத் துறையில் அவருடைய படகு இறங்கக்கூடாது என்று தலைவர் சொன்னார். இரண்டு பேர் போய் அவர் படகின் எஞ்சினைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். முகாமில் இருபது வருடம் எதற்கெடுத்தாலும் வரிசையில் நின்று பழகிய மனிதர் அவர்.

பஸ் வந்தது. நான் ஏறினேன். நடத்துநர் "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்றார். நான் உள்ளே போகவில்லை, படியிலேயே நின்றேன். பஸ் உறுமியது. எஞ்சினைச் சங்க வாசலில் பொத்தென்று போட்ட சத்தம் அதையும் மீறிக் கேட்டது. நான் குதித்துவிட்டேன்.

சங்க வாசலில் நின்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்தினேன். "அவர் சொல்லலை. நான்தான் சொன்னேன். எங்க அம்மாகிட்ட சொன்னேன். எங்க அண்ணன் அந்தப் படகுல வர்றவன்."

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் மதுரை எண்டல்லோ சொன்னனீர்?"

"இல்லை. இராமநாதபுரம். கடற்கரை."

தோழி கதவோரம் நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் குனிந்து மண்ணை அள்ளி என் பக்கம் தூற்றினாள். மண் என் காலடியில் விழுந்தது. ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை, என்னையும் ஒன்றும் செய்யவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தோழியின் அப்பா எழுந்து என் முன்னால் வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணை கரை சேந்திட்டானோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். இந்த ஊர்ச் சொல் எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"சரி" என்றார். பிறகு மகளிடம், "அடுத்த பஸ்ஸிலை ஏத்திவிடு" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

எஞ்சினைக் கொண்டுவந்த இரண்டு பேரும் மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். மாமாவிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஃபோனை வாங்கித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைக் கடந்து போகும்போது நின்றார். நன்றி சொல்வார் என்று என் அற்ப புத்தி எதிர்பார்த்தது.

"நான் உனக்குச் சொன்னது எழுதுறதுக்கு, பிள்ளை" என்றார். "போனிலை சொல்லுறதுக்கில்லை."

அன்று பின்னேரம் அண்ணனோடு சண்டை போட்டேன். "இருட்டுல எது வலை, எது தண்ணின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினான். "புது வலைடா, கடன் வாங்கிப் போட்ட வலைடா" என்று நானும் கத்தினேன். "நீ அங்க போயி அவங்க ஆளாயிட்டியா?" என்று கேட்டான். நான் யாருடைய ஆள் என்று எனக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன சொல்வது? பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்த வலைக்காரர் உன்னை ஏதும் பேசினாரா?" என்று கேட்டான். நீ கரை சேர்ந்தாயா என்று கேட்டார் என்றேன். அண்ணன் ஃபோனை வைத்துவிட்டான். அடுத்த கடல் நாளில் அவன் படகுக்குப் போகவில்லை என்று அம்மா சொன்னாள். அதற்கடுத்த நாள் போனான். அடுப்பு எரிய வேண்டுமே.

அறையை மாற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். தோழி மாற்றவில்லை. ஆனால் ஸ்கூட்டியில் ஊர் சுற்றுவது நின்றுபோனது. வகுப்பு, பரீட்சை, தண்ணீர் மோட்டார் என்று தேவைக்குப் பேசினோம். வீட்டுக்குப் போய்வந்தால் அம்மா தந்ததாக ஏதாவது கொண்டுவந்து மேசையில் வைப்பாள். நான் ஒன்றும் கேட்காமல் சாப்பிடுவேன்.

ஆவணியில் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அக்கான்ரை கலியாணம். அம்மா உன்னைக் கட்டாயம் வரச் சொன்னவா. அப்பாவும் சொன்னவர்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "எப்ப?" என்றேன்.

அவள் மடித்த துணியையே திரும்ப விரித்து மடித்தாள்.

"அண்டைக்கு ஊரிலை ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டினம்" என்றாள். "அதாலை எண்டைக்கு எண்டு முதல் நாள் பின்னேரம் சொல்லுறன். நீ வெளிக்கிட்டு நில்."

சுருக்கென்று கோபம் வந்தது. அவளுடைய பையிலிருந்து அழைப்பிதழ்க் கட்டின் சிவப்பு ஓரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்க ஒரு நொடி போதும். நான் எடுக்கவில்லை. "சரி" என்றேன்.

அன்று அம்மா வழக்கம்போலக் கூப்பிட்டாள். "அங்க என்னடி விசேஷம்?" என்றாள்.

"என் ஃப்ரெண்டோட அக்காவுக்குக் கல்யாணம்."

"அப்படியா! என்னிக்கு?"

"தெரியாதும்மா" என்றேன். இங்கே வந்த நாளிலிருந்து ஊரைப் பற்றி எத்தனையோ பொய் சொன்னவள் நான். இது மட்டும் உண்மை.